ஜேபெக், வெப்பி, ஏவிஃப்: புகைப்படத்துக்கு எது?

மொபைலில் எடுத்த 4000-க்கு 3000 பிக்சல் படத்தை இணையதளத்தில் அப்படியே ஏற்றிவிட்டு, வலைப்பக்கத்தில் 800 பிக்சல் அகலத்தில் காட்டினால், தேவையைப்போல 25 மடங்கு பிக்சல்கள் இறங்குகின்றன. முதலில் அளவைக் குறையுங்கள். ஜேபெக் (JPEG), வெப்பி (WebP), ஏவிஃப் (AVIF) என்று படத்தை எந்த ஃபார்மட்டில் சேமிப்பது என்ற சண்டையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். ரொம்ப அழுத்தினால் அந்தக் கட்டங்களே பல்லிளிக்கும். வானமும் வெற்றுச் சுவரும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஜேபெக்கைத் திறக்காத பிரவுசர் இல்லை. புரோகிரசிவ் முறையில் சேமித்தால் முழுப்படமும் முதலில் மங்கலாக வந்து, பிறகு தெளியும். நெட் மெதுவாக இருக்கும்போது இதன் அருமை தெரியும்.

கூகுள் 2010-இல் கொண்டுவந்த வெப்பி, ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியது என்பது கூகுளே சொல்லும் கணக்கு. மோஸில்லாவின் மோஸ்ஜேபெக் போன்ற நல்ல என்கோடரில் (படத்தைச் சுருக்கித் தரும் மென்பொருளில்) சுருக்கிய ஜேபெக்கோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். தரம் இழந்து சுருக்கும் வெப்பியில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம்தான், மாற்ற வழியில்லை. கறுப்புத் துணியில் சிவப்புப் பூவேலை இருந்தால் ஓரங்கள் கசிந்து தெரியும். லோகோ, ஸ்கிரீன்ஷாட் என்றால் சரி, தரம் இழக்காமல் சுருக்கும் வெப்பி கெட்டிதான். புகைப்படத்துக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஏவி1 என்ற வீடியோ சுருக்கும் முறையிலிருந்து (கோடெக்) 2019-இல் வந்த ஏவிஃப் வேறு ரகம். ஜேபெக் சிதைந்துபோகும் சிறிய ஃபைல் அளவிலும் இது பார்க்கும்படி இருக்கும். 10 பிட் நிறம், அதாவது ஜேபெக்கைவிட நுண்ணிய நிறப் படிகள், உண்டு என்பதால் அந்திவானம் பட்டை பட்டையாகப் பிரியாது. குறை என்றால், தோல், புல், முடி போன்றவற்றை மெழுகிவிடும்; என்கோட் செய்யவும் நேரம் பிடிக்கும். 2022-இல் சஃபாரி 16 வந்தபிறகு பிரவுசர் கவலை பெரிதாக இல்லை.

ஜேபெக்குக்கு வாரிசாக வந்த ஜேபெக் எக்ஸ்எல்? பழைய ஜேபெக்கை ஒரு பிக்சலும் மாறாமல் சுமார் 20 சதவீதம் சுருக்கும் கெட்டிக்காரன். சஃபாரி 2023-இல் சேர்த்துக்கொண்டது. குரோமோ அதற்கு முந்தைய ஆண்டே தன் சோதனை ஆதரவை நீக்கப்போவதாகச் சொல்லிவிட்டது. அதை மட்டும் நம்பி இறங்க முடியாது.

என் தேர்வு: ஒரே படத்துக்குப் பல ஃபார்மட்டுகளை வரிசையாகக் கொடுக்க உதவும் HTML-இன் பிக்சர் டேகில் முதலில் ஏவிஃப், அது திறக்காத இடத்துக்கு மோஸ்ஜேபெக். இரண்டையும் கேமராவின் மூலப்படத்திலிருந்தே தயாரியுங்கள். ஏற்கெனவே நசுக்கிய ஜேபெக்கிலிருந்து வேண்டாம். ஏவிஃபில் 60 என்ற தர எண்ணும் ஜேபெக்கில் 60-உம் ஒன்றல்ல. எண்ணை விட்டுவிட்டு, பக்கத்தில் காட்டப்போகும் அளவிலேயே வைத்துக் கண்ணால் பாருங்கள்.