டப்பாவா, பந்தியா?

சாப்பாட்டு நேர ஒழுங்கைப் பிள்ளைகள் எங்கே நன்றாகக் கற்கிறார்கள்? பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் இரண்டு மாதிரியும் உண்டு. என் மகள் வகுப்பிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறாள். அண்ணன் மகனுக்கு அரசுப் பள்ளியில் பந்தியில் மதிய உணவு.

டப்பாவில் மூடியைத் தானே திறக்கவும், சிந்தினால் துடைக்கவும், மிச்சத்தை மறைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவரவும் பழகலாம். சிக்கல், ஒப்பிடுவதில்தான். கருவாட்டுக் குழம்பைப் பார்த்து ஒருத்தி "நாறுது" என்று சொல்ல, மகள் ஒரு வாரம் தயிர்சாதம் மட்டுமே கேட்டாள். அடுத்தவர் டப்பாவைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது என்பதை டீச்சர்தான் சொல்லித்தர வேண்டும்.

பந்தியில் அந்தப் பேச்சு குறைவு. எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே சாம்பார். 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆளுக்கு 100 கிராம் தானியம் என்பது அரசு அளவு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அண்ணன் மகன் வகுப்பில் யாரும் அதைக் கேலி செய்வதில்லையாம். வரிசையில் நின்று கை கழுவ வேண்டும். எல்லோருக்கும் பரிமாறும்வரை பொறுக்க வேண்டும். "கொஞ்சம் போதும்" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அப்புறம் தட்டைத் தானே கழுவ வேண்டும். இப்போது வீட்டிலும் கழுவுகிறான், அண்ணி திருஷ்டி சுற்றிப் போடாத குறை! ஆனால் இரைச்சல் அதிகம்; மெதுவாகச் சாப்பிடுகிறவன் பாடு திண்டாட்டம்.

என் ஓட்டு பந்திக்கு. டப்பாதான் என்றால், சரி, டீச்சரும் தன் டப்பாவோடு பிள்ளைகள் நடுவில் உட்காரட்டும்.