கையடக்க 3டி ஸ்கேனர்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

பொருளின் உருவத்தை அப்படியே கணினிக்குள் கொண்டுவரும் கருவி 3டி ஸ்கேனர். நான் வைத்திருப்பது ஸ்ட்ரக்சர்டு லைட் வகை. பொருளின் மேல் கோடு கோடாக ஒளியைப் பாய்ச்சும். மேடு பள்ளத்துக்கு ஏற்ப அந்தக் கோடுகள் வளைவதைக் கேமரா பார்த்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முக்கோணக் கணக்கில் கண்டுபிடிக்கும். அப்படிச் சேரும் லட்சக்கணக்கான புள்ளிகள்தான் பாயின்ட் கிளவுட். அவற்றைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக இணைத்தால் மெஷ்.

விளம்பரத்தில் இரண்டே நிமிடத்தில் ஸ்கேன் முடிந்துவிடும். ஸ்கேன் செய்வது மட்டும் என்றால் அது உண்மைதான். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் வேலை. பளபளக்கும் உலோகம், கண்ணாடி, கருப்பு பிளாஸ்டிக் மூன்றும் இந்தக் கருவிக்கு ஆகாது. ஒளி சிதறும், ஊடுருவிப் போகும் அல்லது உறிஞ்சப்படும். வெள்ளைப் பூச்சு ஸ்ப்ரே அடித்தால் சரியாகும். சில மணி நேரத்தில் தானே ஆவியாகிவிடும் ஸ்ப்ரேயும் உண்டு. துடைக்க முடியாத பொருளுக்கு அதுதான் வழி. உருளை, தட்டையான பலகை போல எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருளில், தான் எங்கே இருக்கிறோம் என்பதே ஸ்கேனருக்குத் தெரியாமல் போய்விடும். வட்ட ஸ்டிக்கர் மார்க்கர்களை ஒழுங்கில்லாமல் ஒட்ட வேண்டும். வரிசையாக ஒட்டினால் மறுபடியும் குழம்பும்.

எனக்கு அதிகம் பயன்பட்டது உடைந்த பாகங்களை மறுபடி உருவாக்குவதில். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஸ்கேன் தருவது தேய்ந்து, வளைந்து போன பாகத்தின் உருவத்தை. அந்தப் பாகம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதை அல்ல. வட்டமாக இருக்க வேண்டிய துளை ஸ்கேனில் முட்டை வடிவில் இருக்கும். அதனால் மெஷ்ஷை அடியில் வைத்து, அதன் மேல் கேட் (CAD) எனும் கணினி வடிவமைப்பு மென்பொருளில் புதிதாக வரைகிறேன். துளையின் விட்டத்துக்கு இன்றும் வெர்னியர் காலிப்பர்தான். ஆழமான துளைக்குள் எந்த ஒளியும் சரியாகப் போய்த் திரும்புவதில்லை. மெஷ்ஷைச் சேமிக்கும் எஸ்டிஎல் (STL) கோப்பில் மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்பே கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும், பாகம் 25.4 மடங்கு பெரிதாகத் திறந்தால் காரணம் அதுதான்.

சிற்பம், முகம், பாதம் மாதிரியான வளைவுகளில்தான் ஸ்கேனர் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. அளவுகோல் வைத்து அளக்கவே முடியாத உருவங்கள் அவை. பல் மருத்துவர்கள் வாய்க்குள் மாவு வைத்து அச்சு எடுப்பதற்குப் பதிலாக ஸ்கேனரை விடுவதும் இதனால்தான். பெரிய அளவில் பார்த்தால், பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தைக் கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் 2010-இல் லேசரால் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். 2019 தீ விபத்துக்குப் பின் சீரமைப்புக்கு அந்தத் தரவும் கைகொடுத்தது.

போன் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஐபோன் 12 ப்ரோவில் 2020-இல் வந்த லைடார் (ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் உணரி), அறையை அளக்க நன்று, சின்னப் பொருளுக்கு வேண்டாம். மாறாக, சுற்றிச் சுற்றிப் படமெடுத்து மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் வியக்க வைக்கும் முடிவு வரும். நிறமும் என் ஸ்கேனரைவிட நன்றாக இருக்கும். ஆனால் அளவு வராது. தெரிந்த நீளம் ஒன்றைக் காட்டி நாமே சரிசெய்ய வேண்டும்.

அடுத்து வாங்கினால் நீல லேசர் வகையைத்தான் பார்ப்பேன். கருப்பு, பளபளப்பு இரண்டையும் அது இதைவிட நன்றாகச் சமாளிக்கிறது. மார்க்கர் ஒட்டும் வேலை மட்டும் அதிலும் போகாது.