ஹோட்டன் சமவெளிக்கு வான் பயணம்: ஓட்டம் நல்லது, விளக்கம் போதாது

போன மாதம் தங்கச்சியின் பிள்ளைகளோடு ஒரு சுற்றுலா வானில் ஹோட்டன் சமவெளி போய் வந்தேன். இரவு பத்தரைக்குக் கல்லடியில் ஏற்றினார்கள். செங்கலடி, மகாஓயா, பிபிலை, பதுளை என்று நிதானமான ஓட்டம். டிரைவருக்கு முழுப் புள்ளி. சமவெளிப் பூங்காவின் வாசலில் பொலித்தீனைக் கழற்றி வாங்கிவிடுவார்கள் என்பதால், காலைச் சாப்பாட்டு இடியப்பத்தையும் சம்பலையும் வாழையிலையில் கட்டியே கொண்டு வந்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்தது.

வழிகாட்டித் தம்பிக்கு நல்ல கண். பாசி படர்ந்த கொப்பில், மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு நீட்டிய ஓணானைக் காட்டினார். நம் இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. கொப்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தது. கண் மட்டும் எங்கள் பக்கம் உருண்டது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதுக்குப் பிறகு அவர் சொன்னதுதான் சரியில்லை. "காலநிலை மாற்றமெல்லாம் சும்மா கதை. இந்தக் குளிர்ல இதுகளுக்கு என்ன நடக்கப்போகுது? சூடு கூடினா மேல ஏறிப் போயிடும்."

மருமகள் கேட்டாள்: "அதுக்கு மேல மலை இருக்கா மாமா?"

சமவெளியே ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரம். அங்கேயுள்ள தொட்டுப்பொல மலை 2,357, கிரிகல்பொத்த மலை 2,388. நாட்டின் உச்சியான பீதுருதாலகாலையே 2,524தான். ஏற ஏற இடமும் ஒடுங்கும். மட்டக்களப்பு வெயிலில் வளர்ந்த நமக்குத்தான் அது குளிர். ஓணானுக்கு அதுவே அளவான சூடு. அதோடு, சூடு கூடினால் முகில் படியும் உயரமும் மேலே போகலாம். அந்தக் காட்டின் ஈரமே முகில்தானே.

தம்பியின் சந்தேகம் முழுக்கப் பிழை என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்க மலைகளில் பைக்கா என்று முயலினத்துச் சின்னப் பிராணி ஒன்று உண்டு. சூடு தாங்காது. ஆனாலும் 2010இல் அந்த நாட்டு அரசு அதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்க மறுத்தது. பாறை இடுக்கின் குளிர்ச்சியில் ஒதுங்கி, சூடான தாழ்ந்த இடங்களிலும் சில கூட்டங்கள் பிழைக்கின்றன. ஆனால் வேறு சில இடங்களில் முன்பு இருந்தவை இப்போது இல்லை. ஹோட்டன் சமவெளியில் மரங்கள் பட்டுப்போவதற்கும் மண், காற்று மாசு, வறட்சி என்று பல காரணம் சொல்கிறார்கள். ஒன்றையே கைகாட்ட முடியாது. அதற்காக, ஒன்றுமே நடக்கவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

திரும்பும்போது பதுளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். இதையெல்லாம் தம்பியிடமே சொன்னேன். தொட்டுப்பொலயின் உயரத்தைத் திரும்பக் கேட்டு போனில் குறித்துக்கொண்டார். மார்கழி விடுமுறைக்கும் இதே வானில்தான் இடம் சொல்லியிருக்கிறேன்.