கரண்ட் வைக்கப் போகிறவரின் வாய்க்கு எது நல்லது?

வாய்ப்புண் என்றால் நம் வீடுகளில் உடனே ‘உடம்பு சூடு’ என்பார்கள். மணத்தக்காளிக் கீரையில் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுப்பார்கள், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கி வருவார்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும்போது, அதாவது கதிர்வீச்சு சிகிச்சையின்போது, வருகிற புண் அந்த ரகம் அல்ல. வாயின் உட்தோல் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. கதிர்வீச்சு அந்த வேலையைத்தான் தடுக்கிறது. பழையது மெல்ல உதிர்ந்துவிடும், புதியது வந்து சேராது. அதனால் முதல் பத்து நாள் எதுவும் தெரியாது. என் பெரியப்பா இரண்டாவது வாரம் வரை, “எனக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாதுப்பா” என்று இட்லிக்கு மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் தண்ணீர் விழுங்கவே கண் கலங்கியது. நாங்கள் மருந்துக்கடையில் விசாரிக்க ஆரம்பித்ததே அப்போதுதான்.

நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு), வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 60 முதல் 70 கிரே என்று போகிற சிகிச்சையில் புண்ணை அறவே வரவிடாத மருந்து கிடையாது. தள்ளிப்போடலாம், கடுமையைக் குறைக்கலாம். வலி தாங்காமல் நடுவில் சில நாள் சிகிச்சையை விட்டுவிட்டால் புற்றுநோய் கட்டுப்படுவதே பாதிக்கப்படும் என்பதால் அந்தக் குறைப்பே பெரிய விஷயம். ஆனால் எல்லாவற்றையும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். புண் வந்த பிறகு செய்வது தடுப்பு அல்ல.

<b>உப்பு-சோடாவும் பென்சிடமைனும்</b>

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, அரை டீஸ்பூன் உப்பு, கலந்து கொப்பளிக்க. காசே இல்லாத வைத்தியம். துணி துவைக்கிற சோடாவை எடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான். மருத்துவமனைகளில் முதலில் சொல்வதும் இதுதான். நேர்மையாகச் சொன்னால், இது புண்ணைத் தடுக்கிறது என்று ஆய்வுகள் உறுதியாக நிரூபிக்கவில்லை. வாயைச் சுத்தமாக வைக்கிறது, கெட்டியான எச்சிலைக் கரைக்கிறது, எரிச்சல் தருவதில்லை. இதன் இடம் அது.

பென்சிடமைன் 0.15 சதவீதக் கொப்பளிப்பு நீர் வேறு வகை. அழற்சியைக் குறைக்கிற மருந்து, கொஞ்சம் மரத்துப்போகவும் செய்யும். 15 மி.லி. அளவில் ஒரு நாளைக்குப் பல முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். 2001-இல் வெளியான ஆய்வில் 50 கிரே வரை இதன் பலன் தெரிந்தது. எம்.ஏ.எஸ்.சி.சி. என்ற பன்னாட்டு அமைப்பின் 2020 வழிகாட்டுதலும் 50 கிரேக்குக் குறைவான சிகிச்சைக்கு இதை உறுதியாகப் பரிந்துரைக்கிறது, கீமோவும் சேர்ந்தால் சற்றே தயங்கிப் பரிந்துரைக்கிறது. நம் ஊர் வாய்ப் புற்றுநோயாளிகளில் பலருக்கும் அளவு 60-ஐத் தாண்டும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புண் வந்த பிறகு இது எரியும். அப்போது சம அளவு தண்ணீர் கலக்கலாம். உப்பு-சோடாவா, இதுவா என்று கேட்டால், இரண்டும் என்பேன். ஒன்று கழுவ, ஒன்று மருந்தாக.

<b>லேசர்</b>

இருப்பதிலேயே வலுவான ஆதாரம் இதற்குத்தான். சுடாத, வலிக்காத சிவப்பு ஒளியை வாயின் உட்புறத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டுகிறார்கள். அது செல்களின் ஆற்றல் உற்பத்தியைத் தூண்டி புண் ஆறுவதை வேகப்படுத்துகிறது. கீமோவும் கரண்டும் சேர்ந்து எடுத்தவர்களிடம் நம் பக்கத்து மணிப்பாலில் நடந்து 2012-இல் வெளியான ஆய்விலும் கடும் புண் குறைந்தது. 2020 வழிகாட்டுதல் கீமோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைப் பரிந்துரைக்கிறது.

அப்புறம் என்ன தயக்கம்? தினமும் செய்ய வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், கருவி வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இல்லை. இன்னொன்று, பாக்கும் குட்காவும் போட்டு வாய் இறுகிப் போனவர்களுக்குக் கருவியின் முனை உள்ளே போவதே பாடு. புற்றுக்கட்டி இருக்கிற இடத்தில் ஒளி விழலாமா என்ற கேள்வியையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வசதி இருந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை.

<b>தேன்</b>

பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மலேசியாவில் 40 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கரண்டுக்கு 15 நிமிடம் முன்பு, 15 நிமிடம் பின்பு, 6 மணி நேரம் கழித்து என்று 20 மி.லி. தேனை வாயில் சுழற்றி மெல்ல விழுங்கச் சொன்னார்கள். கடும் புண் வந்தது தேன் எடுத்தவர்களில் 20 சதவீதம், எடுக்காதவர்களில் 75 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனால் 2012-இல் இங்கிலாந்தில் விலை உயர்ந்த மனுகா தேனையும் சர்க்கரைப் பாகையும் கொடுத்து ஒப்பிட்டபோது வித்தியாசமே தெரியவில்லை! இணையத்தில் ஆயிரக்கணக்கில் விற்கிற மனுகா பாட்டிலை நான் வாங்கமாட்டேன். சாதாரணத் தேனே போதும், அதுவும் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு. எச்சில் வற்றிய வாயில் இனிப்பு தங்கினால் பல் சொத்தையாகும், அதனால் கொஞ்ச நேரத்தில் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும்.

<b>தவிர்க்கலாம் என்று நான் நினைப்பவை</b>

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் பல் ஈறுக்கு நல்லதுதான், கரண்டால் வரும் புண்ணைத் தடுக்க அல்ல. அதற்காக எடுக்க வேண்டாம் என்பதே வழிகாட்டுதலின் நிலைப்பாடு. சுக்ரால்ஃபேட் என்கிற வயிற்றுப்புண் மருந்தும் அப்படித்தான். ஐஸ் கட்டி சப்புவது சில கீமோ மருந்துகளுக்குப் பயன்படும். மருந்து ரத்தத்தில் ஓடும் நேரத்தில் வாயின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடுகிற உத்தி அது. கதிர் ரத்தம் வழியாக வருவதில்லையே.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பல் டாக்டர். கூரான உடைந்த பல்லைத் தேய்க்க வேண்டும், பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிப் புண் ஆற இரண்டு மூன்று வாரமாவது கொடுக்க வேண்டும். கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பே அழுகும் ஆபத்து உண்டு. நடுவில் வெள்ளைப் படலம் படிந்தால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம். அதற்கு வேறு மருந்து, அடுத்த நாள் சிகிச்சைக்குப் போகும்போதே வாயைத் திறந்து காட்டிவிடுங்கள்.