முற்றத்துக்குத் தெச்சியா, காந்தளா?

பட்டாம்பூச்சி வரும்படி ஏதாவது நடலாம் என்று நினைத்தபோது மனதில் இருந்தவை இரண்டுதான். ஒன்று தெச்சி; மற்ற ஊர்களில் இட்லிப்பூ, வெட்சி என்பார்கள். இன்னொன்று செங்காந்தள். இரண்டும் நம் மண்ணுக்கே உரியவை, நட்டால் ஆண்டுக்கணக்கில் இருப்பவை. குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம், எங்கள் விளையில் (தோட்டத்தில்) காந்தள் இரண்டு மழைக்காலம் இருந்தது. தெச்சி இன்னும் நிற்கிறது.

அழகில் காந்தள்தான் ஜெயிக்கும். மாநிலப் பூ அல்லவா! பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, சில நாளில் நெருப்புச் சிவப்பாகிவிடும். இலை நுனியே சுருண்டு வேலியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மழைக்காலம் போனதும் கொடி காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். வாழைக்கு உரக்குழி தோண்டும்போது மம்பட்டியில் அதுதான் வெட்டுப்பட்டது. அந்தக் கிழங்கில் இருப்பது கால்ச்சிசின் என்ற கொல்லும் விஷம். சீனிக்கிழங்கும் சிறுகிழங்கும் போடுகிற விளையில் இது எதற்கு என்று அம்மை கேட்டாள். பதில் இல்லை, தோண்டி எடுத்துவிட்டேன்.

தெச்சிக்குப் பராமரிப்பே இல்லை என்பார்கள். உண்மையில் தப்பான பராமரிப்புதான் அதற்கு ஆகாது. புதுத் தளிரின் நுனியில்தான் இது மொட்டு வைக்கும். முதல் வருஷம், வேலைக்கு வந்தவர் மாதந்தோறும் மட்டமாகக் கத்தரித்துவிட்டுப் போனார். பச்சைச் சுவர் மாதிரி நின்றது, பூ மருந்துக்கும் இல்லை. இப்போது வாடிய கொத்தை மட்டும், அதற்குக் கீழே உள்ள ஓர் இலை ஜோடியோடு வெட்டுகிறேன். பக்கத் தளிர் இரண்டு வரும், அதிலும் பூக்கும். எல்லாக் கொத்தையும் வெட்டினால் பழம் இருக்காது. பிள்ளைகளும் கொண்டைக்குருவியும் சண்டைக்கு வரும்.

சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டது மட்டும் வெளிறியது. நரம்பு பச்சை, இடையில் எல்லாம் மஞ்சள். சுவரின் சுண்ணாம்பு மண்ணில் இறங்கினால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாது. நாலடி தள்ளி, வெறும் செம்மண்ணில் நிற்பதற்கு ஒரு குறையும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு மேல், கரிய சிறகில் மஞ்சள் மின்னும் பெரிய பட்டாம்பூச்சி ஒன்று வரும். உட்காராது, சிறகை அடித்துக்கொண்டே கொத்துக்குக் கொத்து தாவும்.

நர்சரியில் கிடைக்கும் குட்டைத் தெச்சியைத் தொட்டியில்தான் வளர்த்திருக்கிறேன். அதற்கு வரும் பூச்சி குறைவாகத்தான் தெரிந்தது. ஒரே தொட்டி, அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

தேனீப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தெச்சிப் பூவின் குழல் சுமார் 3 சென்டிமீட்டர், நம் தேனீயின் நாக்கு 5 மில்லிமீட்டர் அளவுதான். எட்டவே எட்டாது. ரப்பர் மரம் தளிர்விடும் மாதங்களில் அவற்றுக்குக் கவலையில்லை, இலைக்காம்பில் ஊறும் தேனே போதும். மற்ற மாதங்களுக்குத் துளசி நடுங்கள். தெச்சிக்குப் பக்கத்திலேயே நட்டால் போதும், எங்கள் வீட்டில் அப்படித்தான்.