தைராய்டு ஆபரேஷன்: நரம்பைக் கண்ணால் பார்த்தால் போதுமா, மானிட்டரும் வேண்டுமா?

தைராய்டுக் கட்டியை எடுக்கக் கோயமுத்தூருக்கு எழுதிக் கொடுத்ததுமே கோபியிலும் பொள்ளாச்சியிலும் எழும் முதல் கேள்வி, "குரல் போயிருமுங்களா?" அடுத்தது, "நரம்புக்கு மெஷின் வச்சுப் பண்றாங்களாமே, அது வேணுமுங்களா?" இரண்டாவதற்குத் தனிச் செலவு உண்டு என்பதால் பதிலைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

குரல்நாணை அசைக்கும் நரம்பு, மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் என்ற பெரிய நரம்பிலிருந்து பிரிகிறது. வலப்பக்கம் சப்கிளேவியன் தமனியையும் இடப்பக்கம் அயோர்ட்டா வளைவையும் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. ஆபத்து அதன் கடைசி இரண்டு சென்டிமீட்டரில்தான். அங்கே பெர்ரி லிகமென்ட் என்ற நார்க்கட்டு சுரப்பியை மூச்சுக்குழாயோடு இறுக்கிப் பிடித்திருக்கும். சுரப்பியை முன்னால் இழுத்தால் நரம்பும் சேர்ந்து இழுபடும். அறுபடும் நரம்புகள் கொஞ்சம், இழுபட்டுச் செயலிழப்பவையே அதிகம்.

கண்ணால் தேடிக் கண்டுபிடித்து, கடைசிவரை தொடர்ந்து காப்பதே இன்றைக்கும் அடிப்படை. 1938-இல் பாஸ்டனின் ஃபிராங்க் லேஹி வலியுறுத்திய முறை இது. கூடுதல் கருவிச் செலவு இல்லை. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: இழுபட்ட நரம்பும் பார்வைக்கு முழுசாகவே தெரியும். வேலை செய்கிறதா என்று கண் சொல்லாது.

விட்டுவிட்டுச் சோதிக்கும் மானிட்டர் அதைச் சொல்லும். மயக்க டியூபில் உள்ள எலெக்ட்ரோடு குரல்நாண்களைத் தொட்டிருக்க வேண்டும். நீடித்து வேலை செய்யும் தசைத் தளர்வு மருந்து கூடாது. பிறகு சுமார் 1 மில்லிஆம்பியர் மின்சாரத்தால் தூண்டிப் பார்ப்பார்கள்: முதலில் வேகஸ், அடுத்து குரல்நாண் நரம்பு. சுரப்பியை எடுத்தபின் நரம்பு, கடைசியில் மறுபடி வேகஸ். குரல்நாண் தசையிலிருந்து வரும் சிக்னல் தொடக்கத்தில் 500 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. பிறகு 100-க்குக் கீழே போனால் சிக்னல் இழப்பு.

மெஷின் பொய்யும் சொல்லும். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்க்கும்போதே டியூப் நகர்ந்துவிடும்; அதனால் சாய்த்த பிறகு எலெக்ட்ரோடு இருக்கும் இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். சிக்னல் போனால் பதறாமல், குரல்வளையின் அடியில் இருக்கும் கிரிகாய்டு குருத்தெலும்புக்குப் பின்னால் விரல் வைத்து, நரம்பைத் தூண்டும்போது தசை துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். எதிர்ப்பக்க வேகஸையும் தூண்டுவார்கள். அங்கே சிக்னல் வந்தால் மெஷின் சரி, இந்தப் பக்க நரம்புக்குத்தான் அடி. இருபது நிமிடம் காத்திருந்து மீள்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

ஆனால் இது அடி விழுந்த பிறகே சொல்கிறது. முன்கூட்டிச் சொல்வது தொடர் மானிட்டர். வேகஸைச் சுற்றி மாட்டிய எலெக்ட்ரோடு ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். சிக்னல் அலையின் உயரம் பாதியாகி, தூண்டியபின் அது வந்துசேரும் தாமதமும் 10 சதவீதம் கூடினால் உடனே இழுப்பைத் தளர்த்த வேண்டும். பல சமயம் நரம்பு மீண்டுவிடும். இதற்காக, கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்களையும் வேகஸையும் மூடியிருக்கும் கரோடிட் உறையைத் திறக்க வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரோடு நழுவும், அபூர்வமாக இதயத் துடிப்பு குறையும். கத்திக்கும் சூட்டுக்கருவிக்கும் முன்னால் இதுவும் உதவாது, அவை எச்சரிக்கைக்கு நேரம் கொடுப்பதில்லை.

எல்லா நோயாளிகளிலும் குரல்நாண் நிரந்தரமாகச் செயலிழப்பதை மானிட்டர் குறைக்கிறது என்று ஆய்வுகள் ஐயமற நிறுவவில்லை. ஒரு பக்கத்தில் சாதாரணக் கட்டி, முதல் ஆபரேஷன், கைதேர்ந்த சர்ஜன் என்றால் கண்ணே போதும். மறு ஆபரேஷன், நெஞ்சுக்குள் இறங்கிய கழலை, பரவிய புற்று, ஏற்கெனவே ஒரு குரல்நாண் அசையாத நிலை ஆகியவற்றுக்கு மானிட்டர் வேண்டும். இரண்டு பக்கமும் எடுப்பதென்றால் அதன் மதிப்பு தனி. முதல் பக்கத்தில் சிக்னல் போய் மீளாவிட்டால் அங்கேயே நிறுத்தலாம். இரண்டு நரம்பும் ஒன்றாகப் போனால் குரல்நாண்கள் நடுவில் ஒட்டி நின்று மூச்சடைக்கும், தொண்டையில் துளையிட வேண்டி வரலாம். "பாதியில் நிறுத்தினால் சம்மதமா?" என்பதையும், இரண்டாவது ஆபரேஷனுக்குக் காப்பீடு வருமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

எந்த முறையானாலும் முன்னும் பின்னும் குரல்வளை ஸ்கோப் பார்ப்பது நல்லது. குரல் தெளிவாக இருந்தும் ஒரு நாண் அசையாமலிருப்பதுண்டு. பிறகு காற்று கலந்த குரல், தண்ணீர் குடித்தால் இருமல் என்றால் பேச்சுப் பயிற்சி உடனே தொடங்கலாம். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் குரல் திரும்பும். அதுவரை நாணைப் பருக்க ஊசி உண்டு. நிரந்தர அறுவைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பொறுப்பார்கள்.

திருப்பூர் பவர்டேபிள் சத்தத்துக்கு மேலே குரல் கொடுக்கும் சூப்பர்வைசரும், உடுக்கையடித்துப் பாடுபவரும் இன்னொரு நரம்பைப் பற்றியும் கேட்க வேண்டும்: மேல் குரல்வளை நரம்பின் வெளிக்கிளை. சுரப்பியின் மேல் முனை ரத்தக்குழாய்களைக் கட்டும்போது அது அடிபடலாம். மானிட்டரின் தூண்டுகோலை வைத்தால், குரல்நாணை இழுத்து விறைப்பாக்கும் கிரிகோதைராய்டு தசை துடிப்பது கண்ணுக்கே தெரியும். அது போனால் ஸ்கோப்பில் எல்லாம் சரியாகத் தெரியக்கூடும். உச்சஸ்தாயி மட்டும் எட்டாது.