பழைய யூனோஸ் ரோட்ஸ்டருடன் 11 வருடம்: எஞ்சின் படுத்தவில்லை, ரப்பரும் தண்ணீரும்தான்

2014 இல் வாங்கிய வண்டி. 1991 ஆம் வருடத்து யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற துணிக் கூரை மடிக்கும் இரண்டு சீட் காரின் முதல் தலைமுறை. ஜப்பானில் இந்தப் பெயரில்தான் விற்றார்கள். 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், பின் சக்கர இழுவை, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கேயும் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் ஜப்பானில் ஓடிய வண்டிகள் நிறையவே வந்து இறங்கின, என்னுடையதும் அப்படி வந்ததுதான். வாங்கும்போது மீட்டரில் 1,12,000 கி.மீ., இப்போது 1,71,000.

வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் பிடிவாதமாகப் பார்த்தேன். ஆரம்ப கால 1.6 எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் (எஞ்சினில் சுழலும் முதன்மைத் தண்டு) முன் மூக்கு குட்டையாக இருக்கும், அதில் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) இறுக்கும் போல்ட்டை யாராவது சரியாக முறுக்காமல் விட்டிருந்தால், புல்லி நழுவாமல் பிடிக்கும் சின்ன உலோகச் சாவிக்கான காடி தேய்ந்து புல்லியே ஆட ஆரம்பித்துவிடும். முன்புறத்து கிராங்க் புல்லியில் இருக்கும் வெட்டுகளை எண்ணினால் தெரிந்துவிடும். நான்கு என்றால் குட்டை மூக்கு, எட்டு என்றால் நீளம். 1991 இல் இரண்டும் உண்டு. டார்ச் அடித்து எண்ணினேன், எட்டு. அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

எஞ்சினைப் பற்றி குறை சொல்ல எதுவுமே இல்லை. வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை 1,00,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பழைய ரசீது எதுவும் கிடைக்காததால் வாங்கிய மாதமே தண்ணீர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிட்டேன். பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத அமைப்பு என்பது ஒரு நிம்மதி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே டக் டக் என்று ஒரு சத்தம் வரும், அது ஹைட்ராலிக் டேப்பெட், ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம். ஆயிலை அடிக்கடி மாற்றி, சூடேறிய பிறகு நன்றாக முறுக்கி ஓட்டியதில் என் வண்டியில் அது பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆயில் ஃபில்டர் இருக்கும் இடம் மட்டும் கொஞ்சம் மோசம், இன்டேக் குழாய்களுக்கு அடியில் கையை விட்டுத் தடவித்தான் கழற்ற வேண்டும், ஆயில் முழங்கை வரை வழியும். கழற்றுவதற்கு முன் ஃபில்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் வேலை வைத்தது தண்ணீர். துணிக் கூரையில் விழும் மழை, சீட்டுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள ஓட்டை வழியாக ஒரு குழாயில் இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். அந்தக் குழாயில் இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிக்குள் நிற்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து துரு தின்றுகொண்டு வரும். எனக்கு இது தெரிய நான்கு வருடம் ஆனது. 2018 இல் எம்ஓடி எனும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையில் இடது சில்லின் பின் முனையைத் தட்டிப் பார்த்தவர் முகம் மாறியது. வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாக அழுத்தினேன், பட்டி பொரிந்து விழுந்தது, அதன் பின்னால் தகரமே இல்லை, செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. யாரோ முன்னாளில் பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து வெல்டிங் செய்ய 1,100 பவுண்ட் ஆனது. அப்புறம் வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு டம்ளர் தண்ணீரை மூலையில் மெதுவாக ஊற்றிப் பார்க்கிறேன். கீழே சொட்டாவிட்டால், புல் வெட்டும் மெஷினில் சுற்றும் தடித்த நைலான் இழையை விட்டுக் குடைவேன். கம்பி விடாதீர்கள், குழாய் கிழிந்துவிடும்.

அடுத்தது நான் மாதக்கணக்கில் அலைந்த ஒரு கோளாறு. மழை நாளில் மட்டும், மேட்டில் நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி திக்கும். காய்ந்த நாளில் ஒன்றுமே இல்லை. பிளக் மாற்றினேன், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன், பழைய பாகம் விற்கும் ஒருவரிடம் இக்னிஷன் காயில்கூட (பிளக்குகளுக்கு மின்பொறி தரும் பாகம்) வாங்கி மாட்டினேன். எதற்கும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். இந்த எஞ்சினில் ஒரு காயில் 1, 4 சிலிண்டர்களுக்கும் இன்னொன்று 2, 3 சிலிண்டர்களுக்கும் நெருப்பு தருகிறது. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்றாவது மட்டும் கரி பிடித்து ஈரமாக இருந்தது, இரண்டாவது நல்ல பழுப்பு. காயில் போயிருந்தால் இரண்டுமே அல்லவா கெட்டிருக்க வேண்டும்? அப்படியானால் மூன்றாவது பிளக் ஒயர். அன்றிரவு விளக்கை அணைத்து, பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது ஒயர்கள் மேல் செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயால் லேசாகத் தண்ணீர் அடித்தேன் (கையை ஒயர் பக்கம் கொண்டுபோகக் கூடாது, ஷாக் அடிக்கும்). மூன்றாவது ஒயரிலிருந்து எஞ்சின் மூடிக்கு நீலமாய் ஒரு மெல்லிய நூல் தாவித் தாவி விழுந்தது. புது ஒயர் செட் போட்டதும் அந்தத் திக்கல் நின்றுவிட்டது. ஒயரின் விலை நான் அதுவரை வாங்கிய மற்ற பாகங்களில் பாதிகூட இல்லை.

அதேபோல எஞ்சின் பின்புறம் ஆயில் கசிந்தபோது, ஒரு பட்டறையில் கிராங்க் ஷாஃப்டின் பின் முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார்கள். சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சினின் மேல் பகுதி) பின்னால், நெருப்பு எப்போது தர வேண்டும் என்று சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று இருக்கிறது, அதன் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் வருடம் ஆக ஆக பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிடும். அதிலிருந்து வழியும் ஆயில் கீழே இறங்கி, பார்ப்பதற்கு அப்படியே பின் சீல் கசிவு போலவே தெரியும். நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன், ஈரம் மேலிருந்துதான் ஆரம்பித்தது. சென்சார் இருக்கும் நிலையைக் கீறி அடையாளம் வைத்துக்கொண்டு ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினால் போதும். மாட்டிய பிறகு டைமிங் (நெருப்பு விழும் நேரம்) பார்க்க வேண்டும்: டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்து, ஐடிலிங்கை நிமிடத்துக்கு 850 சுற்றில் வைத்து, டைமிங் லைட்டில் பார்த்தால் 10 டிகிரி காட்ட வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள்: ரேடியேட்டரின் மேல் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறினால் வெடிக்கும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். கிளட்ச் பெடல் தளர்ந்தால், கியர் பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பரை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அது முடிந்தது. ஹேண்ட் பிரேக் மேலே மேலே வருகிறதா? கேபிளை இழுத்துக் கட்டுவதற்கு முன் பின் பிரேக் காலிப்பரின் (பிரேக் தட்டை இறுக்கும் பாகம்) பின்னால் ஒரு போல்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் 4 மி.மீ. ஆலன் திருகைச் சரிசெய்யுங்கள். கியர் தண்டின் அடியில் கியர் பாக்ஸோடு சேராத தனி ஆயில் உண்டு, அதை யாருமே மாற்றியிருக்க மாட்டார்கள். நான் மாற்றி, கிழிந்த ரப்பர் பூட்டையும் புதிதாகப் போட்ட அன்று கியர் விழுந்த விதம் இன்னும் கையில் இருக்கிறது.

பாகத்துக்குப் பஞ்சமில்லை. 2016 இல் தயாரான எம்எக்ஸ்-5 எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது, நின்றுபோன சில பாகங்களை மாஸ்டாவே மறுபடி தயாரிக்கவும் செய்கிறது. வரும் ஏப்ரலில் கூரைத் துணி மாற்றப் போகிறேன், பின் ஜன்னல் பிளாஸ்டிக் மங்கிவிட்டது. குளிரில் ஜிப்பைத் திறக்காமலே கூரையை மடித்ததில் விழுந்த மடிப்பு அதில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக நிற்கிறது.